சேமக்காலைக்குப் போகாத பெயர்

2011ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி. ஆத்துமாக்கள் தினம். யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரணைமடு வாய்க்கால் ஓரமாக இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலுக்கு அப்போது தகரக் கூரை மட்டும் போட்டிருந்தோம். சுவர் இடுப்பளவுக்குத்தான் எழும்பியிருந்தது. அன்றைய பூசையில் வாசிக்க வேண்டிய இறந்தோரின் பெயர்ப் பட்டியலை எழுதும் வேலையைப் பாதர் என்னிடம் தந்திருந்தார். நான் கணித ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் மறைக்கல்வியும் படிப்பிக்கிறேன்.

வீடு வீடாகத் துண்டுக் கடதாசிகள் வந்தன. சில வீடுகளிலிருந்து ஒரு பெயர், ஒரு வீட்டிலிருந்து ஒன்பது பெயர். ஒரு அக்கா தன் கணவருடைய பெயரை மட்டும் எழுதித் தந்திருந்தார். கணவர் 2009 பெப்ரவரியில் சுதந்திரபுரத்தில் செல் விழுந்து இறந்தவர். அவர்களுடைய ஒரே மகன் அதே வருடம் மே மாதம், வட்டுவாகல் பக்கமாக எல்லோரும் நெருக்கிக்கொண்டு வந்தபோது தாயின் கையைவிட்டுப் பிரிந்தவன். அப்போது அவனுக்கு 19 வயது. அவனுடைய பெயர் துண்டில் இல்லை. எழுத மனம் வந்திருக்காது, நாமே எழுதிவிட்டால் அவருக்கு ஒரு பாரம் குறையும் என்று நினைத்தேன். தகப்பனின் பெயருக்குக் கீழே மகனின் பெயரையும் எழுதிவிட்டேன்.

பூசையில் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டதும் அக்கா எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் ஏற்றாமல் வைத்திருந்த மெழுகுதிரியோடு வீட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார். மற்றவர்கள் இறந்தோரை அடக்கம் செய்திருக்கும் சேமக்காலைக்குப் போனார்கள். அன்று அவர் தன் கணவரின் பெயருக்குக்கூட விளக்கு வைக்கவில்லை.

பின்னேரம் அவருடைய கொட்டிலுக்குப் போனேன். வாசலில் இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அவன் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய கையில்தான் இருக்கிறான் அக்கா. ஆண்டவர் எதையும் நோக்கம் இல்லாமல் செய்ய மாட்டார்."

அவருடைய கை நின்றது. "என்ன நோக்கம் மாஸ்டர்?" என்று கேட்டார்.

அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மறைக்கல்வி படிப்பிக்கிறவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டார். எனக்கு வாய் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவன் செத்துப்போனது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாதென்றால் ஏன் எழுதினீர்கள்?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஓலையை எடுத்தார்.

துன்பப்படுகிறவர்களின் வீட்டுக்கு விசுவாசத்தின் பெயரால் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குருக்கள், அருட்சகோதரிகள், மறைக்கல்வி ஆசிரியர்கள், செபக் குழுவினர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் இதில் அடக்கம். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் கற்றவை எல்லாம் அக்கா போன்றவர்களிடமிருந்து கற்றவை. புத்தகங்களும் உதவின. ஆனால் எந்தப் புத்தகத்தை எந்த இடத்தில் மூடி வைக்க வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்லித்தந்தார்கள்.

அன்று இரவு யோபு ஆகமத்தை எடுத்தேன். பல தடவை படித்த நூல்தான். யோபுவின் நண்பர்கள் மூவரையும் வாயாடிகள் என்றுதான் அதுவரை பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்தேன். இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை நான் ஒழுங்காகக் கவனித்ததே இல்லை. அவர்கள் தூரத்திலிருந்து வருகிறார்கள், யோபுவை அடையாளம் தெரியவில்லை, வாய்விட்டு அழுகிறார்கள், பிறகு ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவனுடைய துயரம் மிகப் பெரிது என்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். பிழை தொடங்குவது எட்டாம் நாளில், விளக்கம் சொல்லத் தொடங்கும்போது. கடைசியில் கடவுள் கோபிப்பது தம்மைக் கேள்வி கேட்டுக் கத்திய யோபுவை அல்ல. தமக்காக வாதாடிய நண்பர்களைத்தான், என் ஊழியன் யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கண்டிக்கிறார். நான் ஏழு நிமிடம்கூடத் தரையில் இருக்காமல் எட்டாம் நாளுக்குத் தாவியிருந்தேன்.

ஒரு கிழமை கழித்து மறுபடி போனேன். மன்னிப்புக் கேட்டேன், ஒற்றை வசனம்தான். அவர் தலையாட்டினார். திரும்பி வராமல், ஊறப்போட்டிருந்த ஓலையில் ஒன்றை இழுத்து எடுத்து எதிரே உட்கார்ந்தேன். கிடுகு பின்னத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலையின் அமைதி தெரியும். தண்ணீரில் கிடந்த ஓலை கறுத்து, ஒருவித நாற்றத்தோடு, தோல் மாதிரி வளையும். மட்டையை நடுவால் பிளந்து, பாதியைக் காலுக்குக் கீழே வைத்து, ஒரு கீற்றை மடக்கி, ஒன்றின் மேலும் அடுத்ததின் கீழுமாகச் செருகிக்கொண்டு போக வேண்டும். கண் ஓலையில் இருக்கும். எதிரில் இருப்பவருடைய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பேசாமல் இருப்பதும் அந்தரமாகத் தெரியாது. என்னுடைய கிடுகின் ஓரம் கோணிப்போனது. அவர் வாங்கி, இரண்டு கீற்றைக் கழற்றி, திருத்தித் திருப்பித் தந்தார். அன்று நாங்கள் பேசியது அவ்வளவுதான். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ போனபோதுதான் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

இதனால் இப்போது துன்பப்படுகிறவர்களின் வீடுகளுக்குப் போகும் எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்வது: கையில் ஒரு வேலையோடு போங்கள். மிளகாய் காம்பு ஆயலாம், வேலி கட்டலாம், அரிசி புடைக்கலாம், கிணற்றில் தண்ணீர் அள்ளலாம். வேதாகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே கதிரையில் உட்கார்ந்தால், துன்பப்படுகிறவர் பதில் சொல்ல வேண்டியவராக ஆகிவிடுகிறார். கைவேலை இருந்தால் அவர் விரும்பியபோது பேசுவார். விரும்பாவிட்டால் வேலையாவது முடியும்.

அந்த ஆண்டுகளில் வன்னியில் காரணங்கள் மலிந்து கிடந்தன. சைவச் சனம் விதி என்றது, முற்பிறப்பின் வினை என்றது. எங்கள் பக்கத்தில் பாவத்தின் தண்டனை என்றார்கள். கடவுள் தாம் நேசிக்கிறவர்களைத்தான் சோதிக்கிறார் என்றார்கள். சொல்பவருக்கு இவை தேவைப்படுகின்றன. காரணம் தெரிந்துவிட்டால் அது தன் வீட்டுக்கு வராது என்று ஒரு நிம்மதி. ஆனால் இயேசுவிடம் இதே கேள்வி வந்தபோது அவர் அந்தப் பக்கமே போகவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனுடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்டார்கள். இருவரும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே திருப்பிக் கேட்டு, இல்லை என்றார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாத்தளனில் செத்தவர்களுக்கும் அதே பதில்தான். இதைச் சேமக்காலையில் நின்று உரத்துச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும், ஏனென்றால் எத்தனையோ தாய்மார் "நான் என்ன பாவம் செய்தேன்" என்று தங்களைத் தாங்களே தின்றுகொண்டிருக்கிறார்கள். விளக்கம் சொல்லக்கூடாது என்று நான் சொன்னாலும், பொய்யான விளக்கத்தை அகற்றுவது வேறு விடயம். அது முள் எடுப்பது மாதிரி.

தீமை என்பது தனியே ஒரு பொருள் அல்ல, இருக்க வேண்டிய நன்மை இல்லாமற்போவதே தீமை என்று புனித அகுஸ்தீன் எழுதினார். எனக்குப் பிடித்த சிந்தனை அது. கடவுள் தீமையைப் படைக்கவில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வகுப்பில் இன்றும் படிப்பிக்கிறேன். மகனைத் தேடும் தாயிடம் இதைச் சொன்னதில்லை. அவருக்கு இல்லாமற்போன நன்மைக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு முகம் இருக்கிறது.

என்னுடைய சொந்தக் கதையிலும் ஒன்று சொல்ல வேண்டும். 2009 மார்ச்சில் நாங்கள் வலைஞர்மடத்தில், கடலோர மணலில் தறப்பாள் கட்டி இருந்தோம். அது பங்கர் வெட்ட உதவாத மண். வெட்ட வெட்டச் சரியும். மண்மூட்டை அடுக்காமல் குழி நிற்காது, சாக்கு இல்லை. பெண்கள் சேலைகளைக் கிழித்து மூட்டை தைத்தார்கள். என் மனைவி தன் கூறைச்சேலையை எடுத்தார். அதுவரை ஒவ்வொரு இடப்பெயர்விலும் அடியில் வைத்துக் கொண்டுவந்தது. சரிகைக் கரையைப் பல்லால் கடித்து ஒரு கிழி கிழித்து, பாதியைப் பக்கத்துத் தறப்பாள்காரருக்குக் கொடுத்தார், அங்கே நான்கு பிள்ளைகள். கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கினார் என்று பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் சொல்லும் இடத்தை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அந்தச் சேலை கிழிந்த சத்தத்தோடு சேர்த்துத்தான் இப்போது அந்த வசனம் எனக்குக் கேட்கிறது.

சில நாட்கள் கழித்துப் பக்கத்தில் செல் விழுந்து குழியின் ஒரு பக்கம் சரிந்தது. மனைவியும் பிள்ளையும் அப்போது தண்ணீருக்குப் போயிருந்தார்கள். நான் நெஞ்சுவரை மண்ணுக்குள். என்னோடு பக்கத்துத் தறப்பாளின் ஐயா ஒருவர், அவரும் இடுப்புக்கு மேல் புதைந்திருந்தார். திருநீறு பூசிய முகம். அவர் என்னுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மெல்ல மூச்சு விடு தம்பி, மெல்ல விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. மேலே பெடியன்கள் வந்து கையாலும் சட்டியாலும் மண்ணை அள்ளி எங்களை எடுத்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பல வருடங்களுக்குப் பிறகு, பொதுநிலையினருக்கான இறையியல் வகுப்பு ஒன்றில் யூர்கன் மோல்ட்மன் என்ற ஜெர்மானிய இறையியலாளரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 1943ஆம் ஆண்டு ஜூலையில் ஹம்பர்க் நகரம் குண்டுகளால் எரிந்தபோது அவருக்கு 17 வயது. பக்கத்தில் நின்ற நண்பன் செத்துப்போனான், அவர் பிழைத்தார். பிறகு போர்க்கைதியாக ஸ்கொட்லாந்து முகாமில் இருந்தபோது புலம்பல் திருப்பாடல்களையும் மாற்கு நற்செய்தியின் பாடுகளையும் படித்தார். "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற கதறலில், தன்னைப் புரிந்துகொள்ளும் ஒருவரைக் கண்டார். சிலுவையில் கடவுளே துன்பப்படுகிறார் என்ற அவருடைய இறையியல் அங்கிருந்து பிறந்தது. அந்த வகுப்பில் நான் அழுதேன். எங்களுக்காகவே எழுதியது போல இருந்தது.

ஆனால் அதே வகுப்பில் மறுப்பையும் சொன்னார்கள். கடவுள் துன்பத்தால் பாதிக்கப்படாதவர் என்பதுதான் திருச்சபையின் பழைய போதனை. கார்ல் ரானர் என்ற ஜெர்மானிய இயேசு சபைக் குரு, நான் அகப்பட்ட சேற்றிலேயே கடவுளும் அகப்பட்டுக் கிடந்தால் எனக்கு அதனால் என்ன மீட்பு என்ற பொருளில் கேட்டார். நியாயமான கேள்வி. நான் அந்தக் குழியை நினைத்துப் பார்த்தேன். ஐயாவினால் என்னை வெளியே எடுக்க முடியவில்லை. எடுத்தது மேலே நின்றவர்கள். அதேநேரம், மேலே இருந்தவர்கள் மண்ணை அள்ளி முடிக்கும்வரை நான் பயத்தில் மூச்சடைத்துப் போகாமல் இருந்தது மணிக்கட்டிலிருந்த கையினால். இரண்டில் ஒன்று போதாது. உள்ளே கூடப் புதைந்திருக்கும் மகனும், வெளியே நின்று எழுப்புகிற தந்தையும் என்று எங்கள் விசுவாச அறிக்கை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது: பாடுபட்டு, இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, உயிர்த்தெழுந்தார். நான் இறையியலாளன் அல்லன். ஆனாலும் இந்த வழக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்க அந்த மணல் என்னை விடாது. அந்த ஐயாவை மே மாதத்துக்குப் பிறகு நான் காணவில்லை. பெயர் கேட்டு வைக்கவில்லை.

இப்படி வீடுகளுக்குப் போய் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விடயம், சின்னது என்று தெரிந்தாலும் கத்தி மாதிரி வெட்டும்: வினைச்சொல்லின் காலம். அக்கா "அவனுக்குக் கணவாய்க் கறி பிடிக்கும்" என்பார். வந்தவர் "ஓ, அவனுக்குப் பிடித்திருந்ததா" என்று கேட்பார். அந்த இடத்தில் கதை நின்றுவிடும். நான் கண்ணால் கண்டிருக்கிறேன். காணாமற்போனவர்களைப் பற்றிக் குடும்பத்தார் எந்தக் காலத்தில் பேசுகிறார்களோ அதே காலத்தில் பேசுங்கள். அவர்கள் "இருக்கிறான்" என்றால் "இருக்கிறான்". ஒருநாள் அவர்களே "இருந்தான்" என்று சொன்னால், அதையும் திருத்தாமல், ஆச்சரியப்படாமல், பின்னாலேயே போங்கள். மறுநாள் திரும்பவும் "இருக்கிறான்" என்பார்கள். அதற்கும் போங்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப் பணம் கிடைக்கும் என்று புத்தி சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். சிலர் எடுத்தார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. எடுக்காதவர்களை அவசரப்படுத்தவும் உரிமை இல்லை.

மத்தேயு நற்செய்தியில், குழந்தைகள் கொல்லப்பட்ட இடத்தில், இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுதாள், ஆறுதல் பெற மறுத்தாள், ஏனென்றால் அவர்கள் இல்லை என்று எரேமியாவின் வார்த்தை வருகிறது. அந்த அழுகையை அடக்க நற்செய்தியாளர் அங்கே ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. ஆறுதலை மறுக்கவும் ஒருத்திக்கு வேதாகமத்தில் இடம் இருக்கிறது. 88ஆம் திருப்பாடல் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. மற்றப் புலம்பல்களைப் போல் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்புவதில்லை. அதையும் செபப் புத்தகத்தில்தான் வைத்திருக்கிறார்கள். "அழாதீர்கள்" என்று சொல்வதை நான் அதோடு விட்டுவிட்டேன்.

எங்கள் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. கோவாவிலிருந்து வந்து இலங்கையில் பணிசெய்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தை இன்றும் தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் பாடுகிறோம். ஒப்பாரியின் இழுப்போடு அதை வாசிக்கத் தெரிந்த மூப்பர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இளையவர்கள் பழக வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் வேறு எந்த வழிபாட்டிலும் காணாத அளவுக்குப் பெண்கள் அதில் தங்களுக்காக அழுவார்கள். அழுவது ஆண்டவருடைய பாடுகளுக்கா, தங்கள் வீட்டுப் பாடுகளுக்கா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வருடம், மாதா மகனைச் சிலுவையிலிருந்து இறக்கி மடியில் ஏந்தும் இடம் வந்தபோது, அக்கா என் மனைவியின் காதோடு சொன்னார்: "மாதாவுக்கு மடியில் வைக்க உடம்பாவது கிடைத்தது."

மனைவி வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேடவும் இல்லை. அடுத்த நாள் அக்காவின் வீட்டுக்குப் போய்க் கூரைக்குக் கிடுகு ஏற்றிக் கொடுத்தேன்.

கேள்வி கேட்பதும் அன்பின் வேலை. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் யுத்தத்தைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவின் முன் போய், வன்னியிலிருந்த சனத்தின் தொகையிலிருந்து வெளியே வந்து சேர்ந்தவர்களின் தொகையைக் கழித்து, மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கணித ஆசிரியனான எனக்கு அந்தக் கழித்தல் கணக்கு ஒரு செபமாகவே படுகிறது. யோபுவும் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். ஆயர் 2021 ஏப்ரல் 1ஆம் திகதி மறைந்தார்; கேள்வி அப்படியே நிற்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தபோது அக்காவும் போய் உட்கார்ந்தார். கழுத்தில் செபமாலை, மடியில் மகனின் படம், பின்னால் முருகன் கோயில். நாங்கள் முறை வைத்துச் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர் கொண்டுபோனோம்.

முறைப்பாடு கொடுக்கிற குடும்பத்தாரோடு அலுவலகங்களுக்குப் போவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூலப் பத்திரத்தை எவரிடமும் கொடுக்காமல் பிரதியைக் கொடுங்கள். எந்தத் திகதியில், எந்தப் பதவியில் இருப்பவரிடம், எதைக் கொடுத்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். காலையில் அவர் சாப்பிட்டாரா என்று பாருங்கள். பாதிப் பேர் சாப்பிடாமல்தான் பஸ் ஏறுகிறார்கள். அதிகாரி கேட்கும்போது அவருக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அதே கதையை எட்டாவது தடவை புதிதாக வரும் ஒருவருக்குச் சொல்ல வேண்டி வரும். அப்போது பக்கத்தில் இருங்கள். திரும்பி வரும் வழியில் ஒன்றும் பேச வேண்டாம்.

ஒரு கட்டத்தில் எனக்கே உடம்பு முடியாமல் போனது. 2013இல் மூன்று மாதம் நித்திரை இல்லை. கண்ணை மூடினால் மணல் சரிந்தது. செபத்தில் பலம் போதவில்லை என்று என்னை நானே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வயதான அருட்சகோதரிதான் எலியாவின் கதையை நினைவூட்டினார். சாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் படுத்துக்கிடந்த இறைவாக்கினரிடம் வானதூதர் வந்து பிரசங்கம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்றார். சுட்ட அப்பம், ஒரு குவளை தண்ணீர், மறுபடி நித்திரை, மறுபடி சாப்பாடு. வைத்தியரிடம் போனேன், மருந்து எடுத்தேன், கிழமையில் இரண்டு வீட்டுக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்த வரம்பு இன்றும் இருக்கிறது. தனியாகப் போகாமல் இருவராகப் போவதும் அப்போது தொடங்கியதுதான்.

இத்தனைக்கும் என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள். யுத்தம் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1984இல் மனிதத் துன்பத்தைப் பற்றி எழுதிய மடலில், மனிதரிடத்தில் அன்பைக் கட்டவிழ்த்துவிடுவதற்காகவும் துன்பம் உலகில் இருக்கிறது என்று, நல்ல சமாரியரின் உவமையை வைத்துச் சொல்கிறார். அந்தத் திருத்தந்தை போரையும் இழப்பையும் அறிந்தவர். அவர் சொல்வதற்கு எடை உண்டு. ஆனாலும் "அதற்காக" என்ற அந்தச் சொல்லை வன்னியில் நின்று நான் சொல்ல மாட்டேன். என் மனைவி சேலையைக் கிழிக்க வேண்டும் என்பதற்காகச் செல் விழவில்லை. செல்லுக்கு எந்த அர்த்தமும் இல்லை, அதற்குக் கணக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அர்த்தம் இருந்தது சேலையில். பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்கிறேன்.

அன்பைப் பற்றிப் படித்தவற்றில் எனக்கு மிக உதவியது டென்மார்க் தேசத்து மெய்யியலாளர் கீர்க்ககோர் 1847இல் எழுதிய ஒரு சிந்தனை. இறந்தவரை நினைந்து அன்பு செய்வதுதான் மிகத் தன்னலமற்ற அன்பு, ஏனென்றால் இறந்தவர் திருப்பி ஒன்றும் தர மாட்டார். அது மிகச் சுதந்திரமான அன்பு, ஏனென்றால் அவர் நம்மை வற்புறுத்த மாட்டார் என்கிறார். இதை அக்காவிடம் ஒருநாள், பல வருடங்கள் பழகிய பிறகு, அவர் கேட்டபடியால் சொன்னேன். என்ன படிக்கிறீர்கள் மாஸ்டர் என்று கேட்டிருந்தார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பின்னினார். "செத்தவரை நினைக்கிறதற்கு ஒரு நாள் இருக்கிறது, ஒரு குழி இருக்கிறது, பூ வைக்க ஒரு இடம் இருக்கிறது. என்னுடையதற்கு அதுவும் இல்லை. ஆனாலும் நான் விடவில்லை" என்றார். கீர்க்ககோர் நிறுத்திய இடத்திலிருந்து அவர் ஒரு அடி மேலே போனதாக எனக்குப் பட்டது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

2012இலிருந்து எங்கள் கோயிலில் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. ஒன்று நவம்பர் மாதத்துக்கு, இறந்தோருக்கு. மற்றது ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் உயிருள்ளோரின் கருத்துகளோடு வாசிப்பதற்கு. காணாமற்போனவர்களின் பெயர்கள் குடும்பத்தார் விரும்பினால் அதில் இருக்கும். எதில் எழுதுவது என்பதைக் குடும்பத்தார்தான் தங்கள் கையால் எழுதுவார்கள். நான் பேனை கொடுப்பதோடு சரி. இரண்டு குடும்பங்கள் இத்தனை வருடத்தில் பெயரை ஒரு கொப்பியிலிருந்து மற்றதற்கு மாற்றியிருக்கின்றன. ஒரு குடும்பம் மாற்றிவிட்டு மறுபடி பழைய கொப்பிக்கே கொண்டுவந்தது. வெட்டிய கோடும் திரும்ப எழுதிய எழுத்தும் அப்படியே இருக்கின்றன.

அக்கா 2021இல் நோயினால் இறந்தார். கடைசி மாதங்களில் தகரப் பெட்டியைத் திறந்து பொலித்தீன் உறைக்குள் வைத்திருந்த கோப்பை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். உள்ளே மகனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படம், கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், பெற்றுக்கொண்டதற்கான துண்டுகள். என்னைப் பார்த்து, "ஆத்துமாக்கள் கொப்பியில் என் பெயரை எழுதுங்கள் மாஸ்டர். அவனுடையதை எழுதாதீர்கள்" என்றார்.

அந்த நவம்பரில் அவருடைய கணவரின் பெயருக்குக் கீழே அவருடைய பெயரை நான் எழுதினேன். அந்தக் கொப்பியில் என் கையெழுத்தில் இருக்கும் பெயர் அது ஒன்றுதான். மகனின் பெயர் மற்றக் கொப்பியில், அக்காவின் சரிந்த எழுத்தில், ஞாயிறுதோறும் வாசிக்கப்படுகிறது. கோப்பு எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அதிலிருக்கும் முகவரி அக்காவுடையது. அதை எங்களுடைய முகவரிக்கு மாற்றித் தரும்படி ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பாடசாலை முடிந்ததும் மனைவியும் நானும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம். பிரதி எடுத்துவிட்டேன்.